வாய்மூடிய பெட்டி: மோட்டார் வண்டியின் ஒலிச்சாதனத்தில் நோயறியும் முறை

தமிழாசிரியர்க்கு மோட்டார் வண்டியின் வயர்களோடு யாது தொடர்பு என்று இம்மலரைப் புரட்டும் அன்பர் வினவுதல் கூடும். வினா நியாயமானதே. ஆயினும் இக்காலத்து வண்டியினுள்ளே நிகழ்வதைச் சற்று உற்று நோக்குவார்க்கு, அஃது ஒருவகையில் மொழி பற்றிய செய்தியே என்பது புலனாகும். கதவு, விளக்கு, தடுப்பு, வானொலி, பின்புறக் கமரா என்னும் இவை ஒவ்வொன்றின் பின்னும் ஒரு சிறு கணினி அமர்ந்திருக்கிறது. அவை தம்முள் ஓயாது உரையாடுகின்றன. உரையாடல் அறுந்தவிடத்து வானொலிப்பெட்டி வாய்மூடுகிறது. அவ்வறுதலை எங்ஙனம் தேடிக் காண்பது என்பதையே யாம் ஈண்டுப் பாடமாக எழுத முற்பட்டோம்.

இதற்கு இப்பொழுது என்ன அவசரம் எனின், காரணம் பணத்தில் இருக்கிறது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை இடைநிறுத்தியது. தனியார் வண்டிகளுக்கு வாயில் மீளத் திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்தாண்டுகளில் உள்ள வண்டியைப் பேணிக்கொள்வதன்றி நம்மவர்க்கு வேறு வழி இருக்கவில்லை. திறந்த பின்னரும், வரியோடு கூடிய விலை ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டும் தொலைவில் இல்லை. ஆகவே பத்து, பதினைந்து வயதுடைய யப்பானிய வண்டிகள் குடாநாட்டுத் தெருக்களில் இன்னும் நெடுநாள் ஓடும். அவற்றின் எஞ்சின் பழுதுபட்டாற் பார்க்கத் தெரிந்தோர் ஊருக்கு ஊர் உளர். ஒலிச்சாதனம் மௌனமானால் மட்டும், “செற்றை மாற்றுங்கள்” என்ற ஒரே மருந்து எழுதப்படுகிறது. மாற்றிய செற்றும் சில நாளில் மௌனமாகிறது. நோய் பெரும்பாலும் பெட்டியில் இல்லை. பெட்டிக்குச் செல்லும் வழியில் இருக்கிறது.

பழைய வண்டியை முதலில் எடுத்துக்கொள்வோம். எளியதைக் கற்றபின் அரியதைக் கற்பதே முறை. யாழ்ப்பாணத்து வாடகைக் கார் என்றால் ஒஸ்ரின் ஏ-40 என்றிருந்த காலம் ஒன்று உண்டு. அக்காலத்துக் கார் வானொலியின் அமைப்பு மிகச் சுருங்கியது. பெட்டி ஒன்று, அதற்கு மின் வரும் வயர் ஒன்று, உணர்கொம்பு ஒன்று, ஒலிபெருக்கி ஒன்று. வண்டியின் இரும்புடலே புவித்தொடுப்பு. வால்வுகளுக்கு உயர்ந்த மின்னழுத்தம் வேண்டுமாதலால், பற்றறியின் நேரோட்டத்தை விநாடிக்கு நூறு தடவை அளவில் வெட்டிக் கொடுக்கும் அதிரி என்னும் உறுப்பு உள்ளே இருந்து ரீங்காரமிடும். 1955இல் அமெரிக்காவில் முற்றும் திரான்சிற்றரால் அமைந்த கார் வானொலி விற்பனைக்கு வந்தபின் அவ்வதிரி சிறிது சிறிதாக மறைந்தது.

அக்காலத்தார் நோயறிந்தது பெரும்பாலும் செவியினால். எஞ்சினை முடுக்குந்தோறும் ‘படபட’ என்னும் வெடிப்பொலியும் விரைந்தால், குற்றம் தீப்பொறிச் செருகிகளின் பக்கம் என்பர். அவ்வயரில் ஒரு தடையி இட்டால் அடங்கும். வேகத்தோடு சுருதியேறும் ஊளையொலி எனின், அது டைனமோவின் வேலை. அங்கே ஒரு கொள்ளளவி வேண்டும். எஞ்சினை நிறுத்திய பின்னும் இரைச்சல் நீங்காதாயின், வண்டியை விட்டுப் பெட்டியையும் உணர்கொம்பையும் பார்க்க வேண்டும். இவ்வாறு எஞ்சின் நின்றபோது, ஓடியபோது, விரைந்தபோது என்று மூன்று நிலையிற் கேட்டு நோயின் இருப்பிடத்தைக் குறுக்கிவந்தனர். கடலுக்கு அப்பால் 1939இல் தொடங்கிய திருச்சி வானொலியின் மத்திய அலை கீரிமலைக் கரையில் நன்கு கேட்குமாதலால், செவியைப் பழக்க இவ்வூரார்க்குத் தடையிருக்கவில்லை.

பழைய மொறிஸ் மைனரைப் பேணுவோர்க்கு ஓர் எச்சரிக்கையும் இங்கே சொல்லத்தகும். பிரித்தானிய வண்டிகளில் 1960களின் நடுப்பகுதிவரை பற்றறியின் நேர்முனையே வண்டியுடலோடு இணைக்கப்படுவது வழக்கம். பின்வந்த வண்டிகளிலும் இக்காலத்து வானொலிகளிலும் உடலோடு சேர்வது மறைமுனை. இவ்வேறுபாட்டை நோக்காது புதிய பெட்டியைப் பழைய வண்டியில் மாட்டுவோர், அதன் முதற் பேச்சையே கடைசிப் பேச்சாகக் கேட்பர்.

1990இல் குடாநாட்டுக்கு வந்த மின்விநியோகம் அறுந்தபின், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்னில் பீ.பீ.சீ. தமிழோசை கேட்டோர் இம்மலரை வாசிப்போருள் பலர். டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலி வேண்டுவது நேரோட்டம். இடையே இருவாயி வைத்துச் சீராக்க வேண்டும் என்பதைப் பௌதிகவியல் படியாத சிறுவரும் அன்று அறிந்திருந்தனர். வானொலி பேசாவிடில் முதலில் மின்னின் வழியைப் பார்ப்பது அத்தலைமுறையினர்க்குக் கைவந்த பழக்கம். அப்பழக்கத்தை இன்றைய வண்டிக்கும் கொண்டுவருதலே யாம் வேண்டுவது.

இனி இன்றைய வண்டிக்கு வருவோம். ஒவ்வொரு பணிக்கும் ஒவ்வொரு வயர் இழுக்கும் பழைய முறை, பணிகள் பெருகியபோது தாங்காதாயிற்று. 1986இல் ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் ‘கான்’ என்னும் முறையை வெளியிட்டது. இரு வயர்கள் ஒன்றையொன்று முறுக்கித் தழுவிக்கொண்டு வண்டி நெடுகச் செல்லும். கணினிகள் யாவும் அவ்விரு வயரிலும் தொங்கும். ஒன்று பேச ஏனையவை கேட்கும். பேச்சு நிகழாதபோது இரண்டு வயரிலும் ஏறத்தாழ 2.5 வோல்ற்று நிற்கும். பேசும்போது ஒன்று 3.5க்கு உயர, மற்றது 1.5க்குத் தாழும். கேட்கும் கணினி, தனித்தனி வயரின் அளவைப் பொருட்படுத்தாது, இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டையே கணிக்கும்.

இவ்வேற்பாட்டின் நயத்தை மாணாக்கர் ஊன்றி நோக்குதல் நன்று. மேலே கூறிய தீப்பொறி இரைச்சல் இங்கும் வந்து விழத்தான் செய்யும். ஆனால் வயர்கள் முறுக்குண்டு கிடப்பதனால் இரண்டிலும் ஒரே அளவாக விழும். இரண்டும் ஒருங்கே உயர்ந்தால் வேறுபாடு மாறுவதில்லை. ஆகவே செய்தி கெடுவதில்லை. முறுக்கை அவிழ்த்து நெடுந்தொலைவு பிரித்துவிட்ட வயரில் இப்பாதுகாப்புக் குன்றும். வயரை வெட்டி ஒட்டுவோர் பலர் இதனை அறியார்.

இவ்விரு வயரின் இரு கோடியிலும் 120 ஓம் கொண்ட தடையி ஒவ்வொன்று உண்டு. வெற்று மண்டபத்திற் பேசினால் எதிரொலி சொல்லைக் குழப்புவதுபோல, கோடியில் உறிஞ்சுவார் இன்றேல் மின்குறியும் திரும்பி வந்து பின்வருங் குறியைக் குழப்பும். இரண்டு 120 ஓம் பக்கத்திணைப்பிலே 60 ஓம் ஆகும். வண்டிக்கு மின் வராத நிலையில், இவ்விரு வயருக்கும் இடையே பல்மானியை வைத்தால் 60 ஓமுக்கு அண்மையில் ஓர் எண் தோன்ற வேண்டும். 120 காட்டினால் ஒரு கோடி அறுந்தது. பூச்சியத்துக்கு அண்மையாயின் இரண்டு வயரும் எங்கோ ஒட்டிக்கொண்டன. சில நூறு ரூபாய்ப் பல்மானி இத்துணைச் செய்தியைத் தருமாயின், அதனை வாங்காது செற்றை வாங்குதல் எவ்வாறு சிக்கனமாகும்?

அளக்கும் இடம், சாரதியின் முழங்காலுக்கு அண்மையிலுள்ள பதினாறு துளைச் சோதனைச் செருகி. அதன் 6ஆம், 14ஆம் துளைகளே கான் வயர்கள். 16ஆவது பற்றறியின் நேர்முனை. 4உம் 5உம் புவித்தொடுப்பு. ஆயினும் இதில் ஒரு நுட்பம் உண்டு. வண்டிகள் பலவற்றில் இச்செருகிக்கும் ஒலிச்சாதனத்துக்கும் நடுவே வாயிற்காவலன்போல ஒரு கணினி நிற்கும். செருகியில் 60 ஓம் கண்டால் அப்பகுதி நலமென்று அறியலாமேயன்றி, காவலனுக்கு அப்பாலுள்ள பகுதியும் நலமென்று துணிதல் கூடாது. மேலும், ரொயோட்டா வண்டிகள் பலவற்றில் ஒலி, திரைச் சாதனங்களுக்கெனவே ‘ஏவீசீ-லான்’ என்னும் வேறொரு வழக்கு இருந்தது. அதில் முன்புறச் செற்றே தலைவன். ஏனையவை அதன் ஏவல் கேட்பவை. அவ்வண்டிகளில் 6ஆம், 14ஆம் துளைகளை எத்துணை முறை அளந்தாலும் ஒலிவழியின் நோய் தெரியாது.

இப்பொழுது குற்றக் குறிகளைப் பற்றி. சோதனைச் செருகியில் மாட்டும் வாசிகருவி, ஓர் எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட குறிகளைத் தரும். ‘பீ’ எஞ்சினையும் ஓட்டத்தையும், ‘பி’ வண்டியுடலையும், ‘சீ’ அடிச்சட்டத்தையும், ‘யூ’ கணினிகளின் தொடர்பையும் சுட்டும். ‘யூ0184’ என்பது வானொலியோடு தொடர்பு அறுந்தது என்னும் பொருளது. விலை குறைந்த வாசிகருவிகள் பல எஞ்சின் குறிகளை மட்டுமே வாசிக்குமாதலால், “குறி ஒன்றும் இல்லை” என்னும் விடையை அப்படியே நம்பலாகாது.

இங்கேதான் இலக்கணம் கற்றவர்க்கு வேலை வருகிறது. ‘வானொலியோடு தொடர்பு அறுந்தது’ என்னும் வாக்கியத்தைச் சொன்னவர் யார்? வானொலியன்று, அதனோடு பேச முயன்ற மற்றொரு கணினி. வாக்கியத்திற் பெயர் வந்தமையாலேயே வானொலி குற்றவாளி ஆகாது. வகுப்பிலே கந்தன் வரவில்லை என்று முருகன் சொன்னால், கந்தன் நோயுற்றிருக்கலாம். வழியிற் பாலம் உடைந்திருக்கலாம். முருகனே சரியாகப் பாராதிருக்கலாம். குறி கூறுவது வரவில்லை என்னும் அளவே. திருக்குறளின் மருந்து அதிகாரத்தைப் படிப்பிக்கும்போது நோயையும் நோயின் முதலையும் வேறு பிரித்துக் காட்டுகிறோம். கராச்சிலே அவ்விரண்டையும் ஒன்றாக்கி, பெயர் வந்த பெட்டிக்கு விலை எழுதுகிறார்கள். ஆதலால் ஒரு குறியைக் கண்டவுடன், எந்தெந்தக் கணினிகள் யார் யாரைக் காணவில்லை என்று சொல்கின்றன என்பதை ஒரு தாளில் எழுதுக. பலரும் ஒருவரையே காணவில்லை என்பராயின், அவரையும் அவருக்குச் செல்லும் கிளைவழியையும் பார்க்க வேண்டும். ஒருவர் மட்டும் பலரைக் காணவில்லை என்பராயின், முறையிடுபவரையே ஐயுற வேண்டும். எல்லாரும் எல்லாரையும் காணவில்லை என்பராயின், பெருவழி அறுந்தது, அன்றேற் பற்றறி மெலிந்தது.

கீரிமலையில் யாம் அறிந்த ஒரு வண்டியின் செய்தியை இனிச் சொல்வோம். ஆடியமாவாசைக்குக் கீரிமலைக்கு எத்துணை வண்டிகள் வரும் என்பதை இவ்வூர் வழியே சென்றோர் அறிவர். கடலில் மூழ்கி, கேணியில் நீராடி, நகுலேசுவரப் பெருமானை வழிபட்டு, சிலர் ஈர வேட்டியோடே வண்டியில் ஏறிவிடுவர். அவ்வண்டியிலும் அவ்வாறே நிகழ்ந்தது. சில வண்டிகளில் அம்பிளிபயர் முன்னாசனத்தின் கீழே தரைவிரிப்போடு ஒட்டிக் கிடக்கும். ஆசனத்தின் வழியே வடிந்த உப்புநீர் அதன் செருகியிற் புகுந்ததை ஒருவரும் காணவில்லை.

சில நாள் சென்றபின், காலையில் ஒலி இல்லை. வெயிலேறியதும் ஒலி வந்தது. பின்னர் ஒலியை உயர்த்தும்போது மட்டும் அறுந்தது. வாசிகருவி, அம்பிளிபயரோடு தொடர்பு இல்லை என்று செற்று முறையிடுவதைக் காட்டியது. ஓரிடத்திற் செற்றை மாற்றச் சொன்னார்கள். மற்றோரிடத்திற் பழைய அம்பிளிபயர் ஒன்றை வாங்கி மாட்டினார்கள். இரு வாரம் பாடியபின் அதுவும் ஓய்ந்தது. செருகியைக் கழற்றி மாட்டியபோது பாசி உரசி நீங்கியதனால் வந்த தற்காலிக நலமே அஃது என்பது பின்னரே விளங்கியது.

புவித்தொடுப்பு வயரின் தடையை ஓமிலே அளந்தோர் 0.3 ஓம் கண்டு, நலமென்று விட்டிருந்தனர். பல்மானியின் தன் வயர்களே ஏறத்தாழ அவ்வளவு காட்டுமாதலால் அவர்களை நொந்து பயனில்லை. ஆனால் அந்த 0.3 செருகியிலேயே இருந்தால் யாது நிகழும்? ஒலியை உயர்த்தும்போது தாழ்சுருதிக்கு 10 அம்பியர் பாய்கிறது என்று கொள்வோம். ஓமின் விதிப்படி 0.3ஐப் பத்தாற் பெருக்க 3 வோல்ற்று. பற்றறியின் 12.4இல் 3 அங்கேயே தொலைந்தால் அம்பிளிபயருக்கு எஞ்சுவது 9.4. அதன் கணினி அத்தருணத்தில் மயங்கி விழுந்து மீண்டெழுகிறது, அந்த இடைவெளியில் தலைவன் அழைக்க விடையில்லை, குறி பதிகிறது. ஆகவே சும்மா இருக்கும் வயரின் தடையை அளவாது, வேலை செய்யும் வயரின் அழுத்த வீழ்ச்சியை அளக்க வேண்டும். வானொலியை உரக்கப் பாடவிட்டு, பல்மானியின் ஒரு முனையைப் பற்றறியின் மறைமுனையிலும், மற்றதை அம்பிளிபயரின் புவித்தொடுப்பிலும் வைத்தல் வேண்டும். 0.1 அல்லது 0.2 வோல்ற்று எனின் குற்றமில்லை. அவ்வண்டியில் ஒவ்வொரு மேளவடிக்கும் எண் எகிறிக் குதித்தது. செருகியைத் திறந்தபோது ஓர் ஊசி பச்சை படிந்து பாதி கரைந்திருந்தது. புதிய முனையொன்று இட்டதோடு நோய் தீர்ந்தது. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதனால், காலையில் நோயும் உச்சியில் நலமுமாக இருந்ததற்கும் விடை கிடைத்தது.

இவ்வளவிலிருந்து தேடும் ஒழுங்கு தெளிவாகும். முதலிற் பற்றறி: ஓய்விலிருக்கும்போது 12.4க்குக் குறைந்தால், மின்னேற்றிப் பார்த்த பின்னரே மற்றவை. மெலிந்த பற்றறி காரணமின்றிப் பத்துக் குறிகளை எழுதிவைக்கும். அதன்பின் உருகிகள், புவித்தொடுப்பின் அழுத்த வீழ்ச்சி, செருகியின் பாசி. அதன்பின்னரே 60 ஓம். இரு வயரும் ஒட்டிக்கொண்டதாகக் கண்டால், அவ்வழியிலுள்ள பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எண்ணைப் பார்க்க வேண்டும். எந்தப் பெட்டியைக் கழற்ற எண் மீள்கிறதோ, அங்கே தான் செற்றை மாற்று என்னும் சொல்லுக்கு முதன்முறையாக நியாயம் பிறக்கிறது.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் ஐரோப்பிய வண்டி வைத்திருக்கும் பழைய மாணவர்க்கு ஒரு சொல். 2001இன் பீஎம்டபிள்யூ 7 வரிசை தொடங்கி ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் ஒலிச்சாதனங்கள் ‘மோஸ்ற்’ என்னும் ஒளியிழை வளையத்தாற் பிணைக்கப்பட்டன. சிவந்த ஒளி பெட்டிக்குப் பெட்டி கைமாறிச் சுற்றிவரும். ஒரு பெட்டி கைமாற்றத் தவறினால் வளையம் முழுதும் மௌனம். ஐயத்துக்குரிய பெட்டியைக் கழற்றி, அதன் செருகியில் ஒரு சிறு ஒளியிழைத் தொடுப்பை இட்டு வளையத்தைப் பூர்த்தியாக்கினால், ஏனையவை உயிர்த்தெழுகின்றனவா என்று காணலாம். இழையை 25 மில்லிமீற்றர் ஆரைக்குக் குறைய வளைத்தால் ஒளி கசியும். ஆசனத்தைக் கழற்றி மாட்டுவோர் அதனை நசுக்குவதும் உண்டு.

நோயல்லாதவற்றை நோயென்று எண்ணி மருந்து செய்தலும் நம்மிடையே மிகுதி. யப்பானில் எஃப்.எம். ஒலிபரப்பு 76 மெகாஹேர்ட்சிலிருந்து 90 வரையில் அமைந்து, பின்னர் 95 வரை நீண்டது. நம் நாட்டு நிலையங்களோ 88 முதல் 108 வரை பரந்துள்ளன. எனவே யப்பானிலிருந்து வந்த வண்டி நம் நிலையங்களிற் பாதியைக் கேளாதது செவிடன்று. அது பிறந்த ஊரின் வழக்கு. அலைவரிசையை இறக்கிக் கொடுக்கும் சிறு பெட்டி ஒன்றை உணர்கொம்பின் வழியில் இட்டால் போதும். கூரைமேல் மீன்செதில்போல நிற்கும் உணர்கொம்புக்குள் ஓர் அம்பிளிபயர் உண்டு. புதிய செற்று மாட்டுவோர் அதற்கு 12 வோல்ற்றுக் கொடுக்க மறந்தால் எல்லா நிலையமும் மங்கும். பற்றறியைக் கழற்றியதும் சில ரொயோட்டாத் திரைகள் பூட்டிக்கொண்டு இரகசிய இலக்கம் கேட்கும். ஆகையால் 60 ஓமை அளக்கப் பற்றறியைக் கழற்றும் முன்னர், வண்டியின் இலக்கமும் வரைபட அட்டையும் கையில் உண்டா என்று பார்த்துக்கொள்க.

கையிடத்தகாத இடங்களும் சில உள. ஆசனத்தின் கீழே மஞ்சள் நிறச் செருகி கண்டால் அது காற்றுப்பைக்கு உரியது. பல்மானியையோ சோதனை விளக்கையோ அங்கே கொண்டுசெல்லலாகாது. பற்றறியின் மறைமுனையைக் கழற்றி, ரொயோட்டா கூறுமாறு 90 விநாடியேனும் பொறுத்தபின்னரே ஆசனத்தை அசைக்க வேண்டும். கலப்பு எஞ்சின் வண்டிகளிற் செம்மஞ்சள் உறையிட்ட வடங்களில் 200 வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் இருக்கும். அவை உரிய பயிற்சி பெற்றோர்க்கே விடற்பாலன. மலிவான திரையொன்றை மாட்டுவதற்காகக் கான் வயரைச் சீவி ஒட்டுதல் இன்று பெருகிவிட்டது. தடுப்பும் சுக்கானும் பேசும் வழிக்கு அண்மையில், சில வண்டிகளில் அவ்வழியிலேயே, ஒரு பாட்டுப்பெட்டிக்காகக் கத்தி வைக்கிறோம் என்பதை மாணாக்கர் தம் வீட்டாருக்குச் சொல்வார்களாக.

பழுது நீக்கியபின், குறிகளை அழித்துவிட்டு வண்டியைக் காங்கேசன்துறை வீதியில் ஒலியை உயர்த்தியவாறே ஓட்டிப் பார்க்க வேண்டும். மேடுபள்ளம் மிகுந்த ஓர் ஒழுங்கையிலும் ஓட்ட வேண்டும். மறுநாட் காலை, ஈரம் நீங்குமுன், மீண்டும் குறியை வாசிக்க வேண்டும். ஆண்டுதோறும் கீரிமலைக்கு வருவோர், நீராடப் புறப்படுமுன் முன்னாசனங்களின்மேல் ஒரு றப்பர் விரிப்பை இட்டு வைப்பாராக. உலர்ந்த வேட்டி ஒன்றையும் மறவாது எடுத்துவரலாம்.